76-ஐப் பார்த்துப் பதறாதீர்கள்: லேசரால் காற்றில் வாயு அளக்க வருபவர்களுக்கு

மலேசியாவில் பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் எங்கள் அலுவலகக் கார் நிறுத்துமிடம். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். கையில் துப்பாக்கி மாதிரி பிடிக்கிற மீத்தேன் லேசர் கருவி. எதிரே இருந்த கிடங்குச் சுவரில் பச்சைப் புள்ளி விழுந்ததும் திரையில் 76 வந்தது, அதை ஒட்டியே கொஞ்சம் ஏறி இறங்கி நின்றது. வெறும் காற்றில் மீத்தேன் இரண்டு பிபிஎம்கூட, அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட, இருக்காது என்று முதல்நாள் இரவுதான் படித்திருந்தேன். 76 என்றால் எங்கோ குழாய் வெடித்திருக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். பாஸ் கையிலிருந்த ரொட்டி சானாயைக் கீழே வைக்கவே இல்லை.

"சுவர் எவ்வளவு தூரம் தம்பி?"

"நாற்பது மீட்டர் இருக்கும் பாஸ்."

"அதை 1.9-ஆல பெருக்கு."

பெருக்கினேன். 76.

"அது சும்மா காத்து. போய்ப் பசியாறு."

அந்த மூன்றாவது நாளில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவியை எப்படி ஆன் செய்வது என்பது கையேட்டில் இருக்கிறது. திரையில் வருகிற எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதுதான் பலரை மாதக்கணக்கில் அலைக்கழிக்கிறது.

எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

மூக்கில் வைத்து முகர்வது மாதிரி ஓர் இடத்துக் காற்றை உறிஞ்சி அளக்கிற கருவி பிபிஎம் காட்டும். லேசர் அப்படியில்லை. ஒளி போகிற வழி முழுக்க எத்தனை மூலக்கூறு குறுக்கே நின்றது என்று கூட்டிச் சொல்லும். அதனால் அதன் அலகு பிபிஎம் மீட்டர், அதாவது செறிவையும் தூரத்தையும் பெருக்கி வருவது. 100 மீட்டர் முழுக்க 1 பிபிஎம் பரவியிருந்தாலும் 100 வரும். 99 மீட்டர் சுத்தமாக இருந்து ஒரே ஒரு மீட்டரில் 100 பிபிஎம் இருந்தாலும் அதே 100-தான் வரும். கருவிக்கு இரண்டும் ஒன்று. மீத்தேன் காற்றில் 5 விழுக்காடு, அதாவது 50,000 பிபிஎம், எட்டினால் தீப்பற்றக்கூடிய கலவை ஆகிவிடும். அந்தக் கலவை வெறும் இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் குழாய் மூட்டை ஒட்டி நின்றால் திரையில் வருவது 1,000. அதே 1,000, முன்னூறு மீட்டர் அகலக் குப்பை மேட்டின் மேல் மெலிதாகப் பரவிய, தீப்பிடிக்கவே முடியாத மீத்தேனிலும் வரும்.

ஆகவே தூரம் தெரியாத அளவீடு அளவீடே இல்லை. தனியாக ஒரு லேசர் தூரமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தச்சு வேலை செய்பவர்கள் வைத்திருக்கிற மலிவானது போதும். இன்னொன்று, ஒளி போய்த் திரும்பி வருவதால் வாயுவை இருமுறை கடக்கிறது. உங்கள் கருவி அதைப் பாதியாக்கி ஒருவழிக் கணக்காகக் காட்டுகிறதா, அப்படியே காட்டுகிறதா என்று கையேட்டில் ஒருமுறை பார்த்து, கருவியின் முதுகில் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எந்த வாயு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எல்லா வாயுவையும் அளக்கிற லேசர் இருக்கா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். இல்லை. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களை மட்டும் விழுங்கும், லேசரை அந்த இடத்துக்குத்தான் சுருதி சேர்க்க வேண்டும். அப்படி விழுங்குகிற ஒவ்வோர் இடத்தையும் கோடு என்போம். மீத்தேனுக்கு 1653.7 நானோமீட்டர் அருகே நல்ல கோடு இருக்கிறது. அம்மோனியாவுக்கு 1512 பக்கம். கார்பன் டை ஆக்சைடுக்கு 1.57 மைக்ரோமீட்டர் அல்லது 2.05. நைட்ரஜன் டை ஆக்சைடு நீல ஒளியில் 448 நானோமீட்டர் பக்கம் சிக்கும். கந்தக டை ஆக்சைடும் ஓசோனும் 300-ஐ ஒட்டிய புறஊதாவில். காற்றில் பெரும்பங்கான நைட்ரஜன் இந்த ஆட்டத்திலேயே இல்லை, அகச்சிவப்பை அது கண்டுகொள்வதில்லை.

கோடு என்று சொன்னால் உண்மையிலேயே கோடுதான். தரைமட்ட அழுத்தத்தில் மீத்தேன் கோட்டின் அகலம் ஒரு நானோமீட்டரில் நூறில் சில பங்கு. கைக்கருவிக்குள் இருக்கிற டயோடு லேசர், தனக்கு ஊட்டப்படும் மின்னோட்டத்தை மேலும் கீழும் ஆட்டி, அந்தக் கோட்டின் மேல் திரும்பத் திரும்ப நடந்து பார்க்கிறது. கோட்டின் மேல் இருக்கும்போது வருகிற ஒளிக்கும், பக்கத்தில் தள்ளி நிற்கும்போது வருகிற ஒளிக்கும் உள்ள வித்தியாசம்தான் வாயு. சுவர் அழுக்கா, காற்றில் புகையா, லென்ஸில் தூசியா, இவை இரண்டு ஒளியையும் ஒரே மாதிரிதான் குறைக்கும், வகுத்தால் அடிபட்டுப் போகும். இந்தத் துறையில் கைக்கருவியிலிருந்து செயற்கைக்கோள் வரை எல்லாம் இந்த ஒரே தந்திரத்தில்தான் ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றது கணக்கு.

இப்போது ஒரு கிளைக்கதை. புதிதாக வந்த ஒரு பையன் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க மாமாக் சாப்பாட்டுக் கடை அடுப்பின் மேல் காட்டினான், பிறகு நேராக கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) மேலேயே காட்டினான். ஒன்றும் வரவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டான். தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும், மீத்தேன் இல்லை. கருவி சரியாகத்தான் இருந்தது.

நாற்றம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தோட்ட வீடுகளிலிருந்து வருகிற புகார் எப்போதும் நாற்றம்தான். மீத்தேனுக்கு மணமே கிடையாது. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. மனித மூக்கு அதை நூறு கோடியில் சில பங்கு அளவிலேயே பிடித்துவிடும். அகச்சிவப்பில் அதற்குள்ள கோடுகள் மெலிந்தவை, கார்பன் டை ஆக்சைடு கோடுகளோடு வேறு உரசிக்கொண்டு நிற்பவை. ஆக, மீத்தேன் லேசரை எடுத்துக்கொண்டு போய் "அளந்துவிட்டோம், ஒன்றும் இல்லை" என்று அங்கே நிற்கிற அம்மாவிடம் சொல்லாதீர்கள். நீங்கள் அளந்தது அவர் கேட்டதை இல்லை.

எந்த மாதிரிக் கருவி

மூன்று வகையை மனதில் வைத்தால் போதும். ஒன்று கைக்கருவி: சுவர், மண், இலை எதிலாவது பட்டுச் சிதறித் திரும்புகிற ஒளியை வாங்கும், சில பத்து மீட்டர் போகும். கசிவு தேட இதுதான். ஈரமான கறுப்பு மண்ணில் தடுமாறும், குப்பை மேட்டுக் கழிவுநீர்க் குளத்தின் மேல் காட்டினால் ஒளி திரும்பாது. இரண்டாவது, ஓரிடத்தில் முக்காலி போட்டு லேசரை நிறுத்தி, எதிர்முனையில் ரெட்ரோ என்று நாங்கள் சொல்கிற மூலைக் கண்ணாடியை நிறுத்துவது. எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும் கண்ணாடி அது. நூற்றுக்கணக்கான மீட்டர் வேலி ஓரத்தை நாள்கணக்கில் கண்காணிக்க இதை வைப்பார்கள். மூன்றாவது லிடார், அதாவது லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரம் காண்பது, அதிலும் வாயு அளக்கிற டையல் என்ற வகை. அதற்குச் சுவரும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், காற்றே சுவர். அதைப் பற்றிக் கீழே தனியாக.

முதல் ஆண்டில் முதல் இரண்டோடு நில்லுங்கள் என்பது என் கருத்து. லிடார் படம் வண்ண வண்ணமாக அழகாக இருக்கும். அந்த அழகில் மயங்கி, பூஜ்யம் சரிபார்க்கத் தெரியாமலே அறிக்கை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் முன்

உள்ளே தெரிந்த அளவு மீத்தேன் அடைத்து மூடிய சிறிய கண்ணாடிக் குப்பி கருவியோடு வரும், அல்லது தனியாக வாங்கலாம். தினமும் காலையில் அதை ஒளிக்குக் குறுக்கே வைத்து எண் ஏறுகிறதா, சரியான அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். வெளியே போய் மாலையில் திரும்பியதும் மறுபடியும் பாருங்கள். காலை சரி, மாலை தப்பு என்றால் அன்றைய அளவீடு முழுக்கச் சந்தேகத்தில். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

அப்புறம் பூஞ்சை. குளிர்நாட்டில் எழுதிய கையேடுகளில் இது இருக்காது. நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடி மேல் பூஞ்சை பிடிக்கும், கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஒருமுறை ரெட்ரோ பெட்டியை ஒரு வாரம் கார் பூட்டிலேயே மறந்துவிட்டேன். திறந்தபோது கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது, துடைத்தும் போகவில்லை, புதிது வாங்க வேண்டியதாயிற்று. சிலிக்கா ஜெல் போட்டு, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்ததும் உடனே வெளியே திறக்காதீர்கள், லென்ஸில் பனித்துவிடும். பெட்டியோடு அரைமணி நேரம் வெளியே இருக்கட்டும். கடல் ஓரத்தில் பட்டர்வொர்த் பக்கம் வேலை என்றால் உப்புப் படலம் வேறு. சுத்தமான தண்ணீரில் நனைத்த லென்ஸ் துணியால் முதலில் உப்பைக் கரைத்து எடுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பே உரசிக் கீறிவிடும்.

களத்தில்

நேரம் முக்கியம். நண்பகலில் தார்ச்சாலையில் கானல் ஆடுவது கண்ணுக்கே தெரியும், லேசர் கற்றையும் அதே ஆட்டம் ஆடும். நீண்ட பாதையில் ரெட்ரோவிலிருந்து வருகிற ஒளி நொடிக்கு நொடி ஏறி இறங்கி, அளவு நம்பமுடியாமல் போகும். கற்றையைத் தரையிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்திலாவது வையுங்கள், முடிந்தால் தாருக்கு மேல் இல்லாமல் புல்லுக்கு மேல். காலை எட்டிலிருந்து பத்துக்குள் ஆட்டம் குறைவு. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது: இரவு முழுக்கக் காற்று அசையாமல் வாயு கீழேயே தேங்கியிருக்கும், காலை எண் பெரிதாக வரும், அதையே அன்றைய சராசரி என்று எழுதினால் தப்பு. ஆகக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் எடுத்து, மதிய அளவில் ஆட்டம் அதிகம் என்று குறிப்பிடுவதே நேர்மை.

பின்னணியை மறக்காதீர்கள். காற்று வருகிற பக்கம், அதாவது குப்பை மேட்டையோ ஆலையையோ அது இன்னும் தொடாத பக்கம் நின்று, அதே தூரத்துக்கு ஓர் அளவு. காற்று போகிற பக்கம் நின்று இன்னொன்று. கழித்தால் வருவதுதான் அந்த இடத்தின் பங்கு. பினாங்குக் கரையில் பகலில் கடற்காற்று உள்ளே வீசும், இரவில் நிலக்காற்று கடலுக்குத் திரும்பும். முற்பகலில் அது புரளுகிற நேரத்தில் உங்கள் "வருகிற பக்கம்" சொல்லாமல் கொள்ளாமல் "போகிற பக்கம்" ஆகிவிடும். ஒரு குச்சியில் கட்டிய ரிப்பனாவது கண்ணெதிரே இருக்கட்டும்.

மணிக்கு எத்தனை கிலோ வெளியேறுகிறது என்று கேட்டால்

கேட்பார்கள். குப்பை மேட்டு வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மீதி கார்பன் டை ஆக்சைடு என்பதால் அளவு பெரிதாகத்தான் இருக்கும். 2022 ஜனவரியில் நிபோங் தெபால் பக்கம் புலாவ் பூரோங் குப்பை மேடு தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒளி போகிற ஒற்றைப் பாதையை மட்டும் அளந்து கிலோ சொல்ல முடியாது. காற்று போகிற பக்கத்தில் ஒரு திரைச்சீலை தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாயு அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. திரையைப் பல உயரங்களில் கோடு கோடாக அளந்து, மொத்தத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. பின்னணியைக் கழித்த பிறகு சராசரி 500 பிபிஎம் மீட்டர், திரையின் உயரம் 10 மீட்டர். பெருக்கினால் 5,000. 25 டிகிரி வெப்பத்தில் 1 பிபிஎம் மீத்தேன் என்பது ஒரு கனமீட்டரில் 0.656 மில்லிகிராம், ஆகவே 3,280 மில்லிகிராம், அதாவது திரையின் தடிமனில் மீட்டருக்கு 3.28 கிராம். காற்று நொடிக்கு 2 மீட்டர் என்றால் நொடிக்கு 6.56 கிராம், மணிக்கு 23.6 கிலோ. இப்போது காற்றின் வேகம் 2 இல்லை, 3 என்று மாற்றிப் பாருங்கள்: 35.4. லேசருக்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொட்டிவிட்டு, காற்றின் வேகத்தைக் கைப்பேசியில் வானிலைச் செயலியைப் பார்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு காற்றுமானியைக் கம்பத்தில் கட்டுங்கள்.

டையல்: காற்றையே சுவராக வைப்பது

தியோடர் மேய்மன் முதல் ரூபி லேசரை எரியவைத்தது 1960-இல். சில ஆண்டுகளுக்குள்ளேயே ஷாட்லண்ட் என்ற ஆய்வாளர் ரூபியின் வெப்பத்தை மாற்றி மாற்றி, நீராவிக் கோட்டின் மேலும் அதற்குப் பக்கத்திலும் லேசரை நிறுத்தி, வானில் எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று அளக்கத் தொடங்கிவிட்டார். டையல் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு துடிப்பை அனுப்புகிறோம். போகும் வழியெல்லாம் காற்று மூலக்கூறும் தூசியும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒரு மைக்ரோ நொடி கழித்து வருகிற ஒளி 150 மீட்டரிலிருந்து வருகிறது, ஏனென்றால் போகவும் வரவும் சேர்த்து 300 மீட்டர். இப்படி நேரத்தை தூரமாக மாற்றிவிடலாம். வாயு உறிஞ்சுகிற அலைநீளத்தில் ஒன்று, உறிஞ்சாததில் ஒன்று என்று மாறி மாறி அனுப்பி, ஒவ்வொரு தூரத்திலும் இரண்டையும் ஒப்பிட்டால், முழுப் பாதைக்கும் ஒரே எண் என்ற கதை உடைந்து துண்டு துண்டாக, எங்கே எவ்வளவு என்று கிடைத்துவிடும்.

கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 1,000 மீட்டரில் உறிஞ்சும் ஒளி 80, உறிஞ்சாதது 100. 1,200 மீட்டரில் 50, 70. 70-ஐ 50-ஆல் வகுத்தால் 1.4; 80-ஐ 100-ஆல் வகுத்தால் 0.8, பெருக்கினால் 1.12. அதன் இயல் மடக்கை 0.113. இதை 200 மீட்டரின் இருமடங்காலும், இரு அலைநீளங்களில் வாயு உறிஞ்சுகிற திறனுக்குள்ள வித்தியாசத்தாலும் வகுக்க வேண்டும். அந்த வித்தியாசம் ஒரு மூலக்கூறுக்கு 10-இன் மைனஸ் 18 அடுக்கு சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு கனசென்டிமீட்டரில் ஏறக்குறைய 2.8 லட்சம் கோடி மூலக்கூறுகள். பயப்படாதீர்கள், அதே இடத்தில் காற்று மூலக்கூறுகள் அதைப்போல் கிட்டத்தட்ட 87 லட்சம் மடங்கு இருக்கின்றன. விடை 115 பிபிபி, அதாவது நூறு கோடியில் 115 பங்கு.

புதியவர்கள் வழுக்குகிற இடங்கள் இரண்டு. முதல் சில நூறு மீட்டரில் தொலைநோக்கியின் பார்வைக்குள் கற்றை முழுதாக நுழைந்திருக்காது. அங்கே வருகிற எண்ணை நம்பி "கருவிக்குப் பக்கத்தில்தான் வாயு அதிகம்" என்று எழுதாதீர்கள். அடுத்தது புகைமூட்டம். 2015 செப்டம்பர், அக்டோபரில் சுமத்ரா பக்கத்துப் புகை நம்மை மூடிய மாதிரி நாள்களில் கற்றை தூரம் போகாது. அத்தோடு, துகள் திடீரென்று கூடுகிற இடத்தில் இரு அலைநீளங்களும் வெவ்வேறு மாதிரிச் சிதறி, இல்லாத வாயுவை இருப்பதாகக் காட்டும். அதனால்தான் இரண்டையும் முடிந்தவரை அருகருகே வைக்கிறார்கள். அன்றைய துகள் நிலவரத்துக்கு மிண்டன் யூஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிற, ஏரோநெட் என்ற உலகளாவிய வலையமைப்பைச் சேர்ந்த சூரிய ஒளிமானியின் தரவை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

2022 ஏப்ரலில் சீனா ஏவிய டாச்சி-1 செயற்கைக்கோள் 705 கிலோமீட்டர் மேலிருந்து லேசரால் கார்பன் டை ஆக்சைடு அளக்கிறது. அது தூரம் தூரமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, பூமியின் தரையையே சுவராக வைத்து மொத்தப் பாதைக்கும் ஓர் எண் எடுக்கிறது. என் கார் நிறுத்துமிடக் கதைதான், சுவர் மட்டும் கொஞ்சம் தள்ளி.

கண்

கைக்கருவியின் அளக்கிற ஒளி 1.4 மைக்ரோமீட்டரைத் தாண்டியது, விழித்திரைக்குப் போகுமுன் கண்ணின் முன்பகுதியே உறிஞ்சிவிடும், சக்தியும் குறைவு. ஆனால் குறிபார்க்க வைத்திருக்கிற பச்சை ஒளி அப்படியில்லை. யார் முகத்திலும் காட்டாதீர்கள், ஓடுகிற கார் மேலும் வேண்டாம். டையல் லேசர் வேறு ரகம்: லேசர் ஆபத்து வரிசையில் நான்காம் வகுப்பு, சிதறிய ஒளியே ஆபத்து, புறஊதா என்றால் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. அந்தந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி போட வேண்டும், பொதுவான கறுப்புக் கண்ணாடி எதற்கும் உதவாது. மேல்நோக்கி அனுப்புவதாக இருந்தால், பாயான் லெப்பாஸ் விமானப் பாதை தலைக்கு மேலேயே இருக்கிறது, சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பேசாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

இந்த சனிக்கிழமை செய்து பார்க்க

கைக்கருவி ஒன்றை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, கூட்டம் சேருமுன் ஜார்ஜ்டவுனில் பாடாங் கோத்தா பக்கம் போங்கள். கார்ன்வாலிஸ் கோட்டையின் செங்கல் சுவர் நல்ல இலக்கு. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாகப் பார்த்து 10, 20, 30, 40 மீட்டர் தள்ளித் தள்ளி நின்று, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் சராசரி எடுங்கள். தூரத்தைக் கிடையாகவும் எண்ணை நிமிர்த்தும் வைத்து வரைபடத் தாளில் புள்ளி போடுங்கள். நேர்கோடு வர வேண்டும், கருவி ஒருவழிக் கணக்குக் காட்டுவதாக இருந்தால் அதன் சரிவு, வெறும் காற்றின் மீத்தேன் அளவான 1.9-க்கு அருகே இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால் பக்கத்தில் சாக்கடை மூடி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். சரிவு சரியாக இருந்து, கோடு மட்டும் பூஜ்யத்தில் தொடங்காமல் மேலே ஏறியோ கீழே இறங்கியோ நின்றால், அந்த ஏற்ற இறக்கம் உங்கள் கருவியுடையது. அந்த எண்ணைத் தேதியோடு நோட்டில் குறித்து, இனி எடுக்கிற ஒவ்வோர் அளவிலிருந்தும் கழியுங்கள்.